கண்ணி கூடுது, துணி சுருளுது, மெஷின் கண்ணியை விடுது: பின்னலில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

கோளாறு தெரிந்ததும் முதல் வேலை பிரிப்பதல்ல, பார்ப்பது. இப்போது கண்ணில் படுகிற தப்பு பெரும்பாலும் இந்த வரிசையில் நடந்திருக்காது, முந்தின வரிசையிலோ அதற்கும் முந்தினதிலோ நடந்திருக்கும். கையில் இருக்கிற வரிசையை மட்டும் பிரித்து மறுபடி போட்டால் அதே தப்பு அதே இடத்தில் அப்படியே நிற்கும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், தப்பு எங்கே ஆரம்பிக்கிறது, ஓரத்திலா நடுவிலா, நேர்க்கோட்டில் மேலே ஏறுகிறதா குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். கை ஊசியோ மெஷினோ, கண்ணி, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையம், உருவாகும் விதம் ஒன்றுதான், அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். உங்கள் துணியில் தெரிகிற அறிகுறி எதுவோ அங்கிருந்து படியுங்கள்.

துணி ஓரமெல்லாம் சுருண்டுகொள்கிறது

ஒரு பக்கம் முழுக்க நிட் (வழவழவென்று V தெரிகிற முகம்), மறுபக்கம் முழுக்க பர்ல் (மேடு மேடாகத் தெரிகிற முகம்) என்று போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் உங்கள் மேல் தப்பே இல்லை, அந்தப் பின்னலின் குணமே அதுதான். இடது வலது ஓரங்கள் பர்ல் பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் நிட் பக்கமாகவும் சுருளும். வளைத்து வைக்கப்பட்ட நூல் நிமிரப் பார்க்கிறது, இரண்டு முகமும் சமமாக இல்லாததால் ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. நம்ப முடியவில்லை என்றால் பழைய பருத்தி பனியனின் அடி மடிப்பை வெட்டிவிட்டு லேசாக இழுத்துப் பாருங்கள், உடனே சுருளும். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று ஓட்டுகிற துணியும் நாம் ஊசியில் போடுகிற இந்தப் பின்னலும் ஒன்றேதான். இன்டர்லாக் துணியை வெட்டினால் சுருளாது, அதில் இரண்டு முகமும் ஒரே மாதிரி.

இதை இஸ்திரி போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி தொளதொளவென்று பளபளத்துச் செத்துவிடும், அதை மீட்க வழியே கிடையாது. கம்பளி நூல் என்றால் நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் கொஞ்சம் அடங்கும், ஆனால் மஃப்ளர் மாதிரி நீளமான துண்டில் அது மறுபடி சுருளத்தான் செய்யும். சரியான வழி பின்னலை மாற்றுவது. மஃப்ளருக்கு கார்ட்டர் (எல்லா வரிசையும் நிட்), மாஸ் (நிட்டும் பர்லும் மாறி மாறிப் புள்ளி புள்ளியாக), ரிப் (நிட்டும் பர்லும் செங்குத்துக் கோடாக), இந்த மூன்றில் ஒன்றைப் போடுங்கள், மூன்றும் சுருளாது. சும்மா இரண்டு பக்கமும் மூன்று மூன்று கண்ணி கார்ட்டர் பார்டர் வைத்தால் போதும் என்று பல இடங்களில் சொல்வார்கள், அகலத் துண்டில் அந்த பார்டரையும் சேர்த்துக்கொண்டு சுருளும், அவ்வளவுதான்.

ஒற்றைப் படுக்கை மெஷினில், அதாவது ஊசிகளை ஒரே தட்டில் வரிசையாக அடுக்கிய மெஷினில், பர்ல் போட முடியாது, அதனால் அதில் வருகிற சாதாரணத் துணி சுருளும். அங்கே செய்வது, ஒன்றுவிட்டு ஒன்றாக ஊசிகளைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக் கொஞ்சம் வரிசை ஓட்டி, அந்தப் பட்டையை இரண்டாக மடித்து முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் மாட்டி இணைத்துவிடுவது. பார்க்க ரிப் மாதிரியே இருக்கும். நிஜ ரிப்தான் வேண்டும் என்றால் இரண்டாவது படுக்கை வாங்க வேண்டும், அல்லது பர்ல் வர வேண்டிய கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டு, லாச் ஊசியால் (கொக்கியில் சின்னத் தாழ்ப்பாள் வைத்த ஊசி) எதிர்ப் பக்கத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். சின்ன கஃப் வரைக்கும் செய்யலாம், முழு ஸ்வெட்டருக்குச் செய்ய உட்கார்ந்தால் வெறுத்துவிடும்.

கண்ணி எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது

புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். 20 போட்டேன், 26 ஆகிவிட்டது. முதலில் துண்டின் வடிவத்தைப் பாருங்கள்.

இரண்டு ஓரமும் விரிந்துகொண்டே போய் விசிறி வடிவம் வந்திருந்தால் தப்பு வரிசையின் ஆரம்பத்தில். துணியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போடுகிறீர்கள், அது முதல் கண்ணியை இழுத்து அதன் இரண்டு காலையும் ஊசி மேல் ஏற்றிவிடுகிறது, பார்க்க இரண்டு கண்ணி மாதிரி தெரியும், நீங்களும் இரண்டாகப் போட்டுவிடுகிறீர்கள். திருப்பியதும் நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டுபோங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பாதிப் பேர் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஓரம் நேராக இருக்கிறது, ஆனால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்றால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் இரண்டு ஊசிக்கும் நடுவே வராமல் ஊசி மேல் சுற்றி வந்திருக்கிறது. ரிப் போடுகிறவர்களுக்கு இது அதிகம் நடக்கும். ஓட்டையும் இல்லை, ஆனாலும் கூடுகிறது என்றால் நூல் பிரிந்து, ஒரே கண்ணியின் இழைகளை இரண்டாக எண்ணிப் போட்டிருக்கிறீர்கள். முறுக்கு தளர்ந்த அக்ரிலிக்கில் கூர் ஊசி பிடித்தால் இப்படித்தான் ஆகும், கொஞ்சம் மொட்டை முனை ஊசிக்கு மாறுங்கள்.

குறைகிறது என்றால் மூன்றே காரணம்: ஒன்று நழுவிவிட்டது, இரண்டைச் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள், அல்லது கடைசிக் கண்ணியைப் போடாமலே திருப்பிவிட்டீர்கள்.

மாஸ் போட்டேன், ரிப் வருகிறது

இரண்டுக்கும் செய்முறை ஒன்றேதான், ஒரு நிட் ஒரு பர்ல். வித்தியாசம் மொத்தக் கண்ணி எண்ணிக்கையில். இரட்டைப்படையில் கண்ணி ஏற்றி ஒவ்வொரு வரிசையும் நிட், பர்ல், நிட், பர்ல் என்று போனால் ரிப் வரும். ஒற்றைப்படையில் ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் நிட்டில் ஆரம்பித்து நிட்டிலேயே முடித்தால் மாஸ் வரும். ஆகவே ஒரு கண்ணி கூடியோ குறைந்தோ போனாலே ஒன்று மற்றொன்றாக மாறிவிடும்.

ஆனால் எண்ணிக்கொண்டே போடுவதை விடக் கண்ணியைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. இடது ஊசியில் அடுத்து இருக்கிற கண்ணியின் கழுத்தைப் பாருங்கள். கீழே வழவழவென்று V வடிவம் தெரிந்தால் அது உங்கள் பக்கத்திலிருந்து நிட், கழுத்தில் ஒரு மேடு மாலை போட்ட மாதிரி குறுக்கே இருந்தால் பர்ல். ரிப்பில் V மேல் நிட், மேட்டின் மேல் பர்ல். மாஸில் அப்படியே எதிர்மறை. இது கண்ணுக்குப் பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே போடலாம், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

கண்ணிகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, துணி விறைப்பாக இருக்கிறது

V வடிவத்தின் அடி திறந்திருக்காமல் கால் மேல் கால் போட்ட மாதிரி குறுக்கிட்டிருக்கிறதா? ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் மட்டும் அப்படி இருந்தால், பர்ல் வரிசையில் நூலைத் தப்பான திசையில் சுற்றுகிறீர்கள். ஊசி முனையை உங்கள் பக்கம் வைத்துப் பார்த்தால் நூல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் அடுத்த வரிசையில் கண்ணியின் வலது கால் ஊசிக்குப் பின்னால் போய்விடும், நீங்கள் வழக்கம்போல முன்காலில் குத்தினால் முறுக்கு விழும். இதற்கு இரண்டு தீர்வு. சுற்றும் திசையை மாற்றலாம். கை பழகிவிட்டது, மாற்ற மனமில்லை என்றால், நிட் வரிசையில் பின்காலில் குத்துங்கள், துணி சரியாகவே வரும், எந்தக் குறையும் இல்லை. வீட்டில் பாட்டியிடமோ அத்தையிடமோ கற்றவர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள், அதைத் தப்பு என்று சொல்பவர்கள் வீடியோ பார்த்துக் கற்றவர்கள்.

பிரித்துவிட்டு ஊசியில் திரும்ப ஏற்றியபோது மட்டும் ஒரு வரிசை முறுக்கியிருந்தால், ஏற்றும்போது பாதிக் கண்ணி திரும்பி மாட்டியிருக்கிறது. கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்து அந்தக் காலில் குத்திவிட்டால் போதும், மறுபடி கழற்ற வேண்டாம்.

ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழே ஓடுகிறது

முதலில் துணியை இழுப்பதை நிறுத்துங்கள். ஒரு ஊக்கை அந்தக் கண்ணியில் குத்தி வையுங்கள், ஓட்டம் நின்றுவிடும். பிறகு நிட் பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, குரோஷா ஊசியை நழுவிய கண்ணிக்குள் முன்னாலிருந்து நுழைத்து, அதற்கு நேர் மேலே ஏணிக் கம்பி மாதிரி குறுக்கே கிடக்கிற நூலைப் பிடித்துக் கண்ணிக்குள் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. அப்படியே ஒவ்வொன்றாக. இதில் எல்லாரும் சறுக்குகிற இடம், மிகக் கீழே இருக்கிற கம்பியை விட்டுவிட்டு மேலே உள்ளதைப் பிடிப்பது. அப்படி விட்டுவிட்டால் பின்பக்கம் ஒரு நூல் தளர்ந்து தொங்கும், ஊசியில் ஏற்றிய பிறகு திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கார்ட்டர் பின்னலில் ஒரு படி முன்னாலிருந்து, அடுத்த படி பின்னாலிருந்து என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். மெஷினில் இதே வேலைக்கு லாச் ஊசி, அதில் தாழ்ப்பாள் தானாகத் திறந்து மூடுவதால் இன்னும் சுலபம்.

துளைப் பின்னல் வடிவங்களில் மட்டும் இப்படி ஏற்றுவது பெரும்பாடு. அதனால் சரியாக வந்த ஒரு வரிசையில் ஊசிக்கு அடியில் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிறத் தையல் நூலை ஓட்டி வைத்துவிடுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் அதற்குக் கீழே போகாது. துளை வடிவம் கசங்கின கந்தல் மாதிரி தெரிகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்கும் வரை எந்தத் துளைப் பின்னலும் அப்படித்தான் தெரியும்.

அளவு சரியாக வரவில்லை

வீடியோவில் 8 நம்பர் ஊசி என்றார்கள், நானும் 8 நம்பர்தான் வாங்கினேன், குல்லா குழந்தைக்குத்தான் ஆகும் போலிருக்கிறது. இங்கே தப்பு நம்பரில். நம் ஊர்க் கடைகளில் ஊசி இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பரில்தான் கேட்கப்படுகிறது, அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க நம்பரில் தலைகீழ், ஏற ஏறத் தடிக்கும்: 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. ஆக அமெரிக்க வீடியோவில் 10 என்றதைக் கேட்டு இங்கே 10 வாங்கினால் கிட்டத்தட்ட பாதித் தடிமன்தான் கையில் இருக்கும். நம்பரை மறந்துவிடுங்கள், மி.மீ. மட்டும் பாருங்கள்.

ஊசி சரி, ஆனாலும் அளவு தவறுகிறது என்றால் சாம்பிள் போடாமல் ஆரம்பித்திருப்பீர்கள். போரடிக்கிற வேலைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வர வேண்டும், உங்களுக்கு 20 வருகிறது, இரண்டுதானே வித்தியாசம் என்று விட்டால், 110 கண்ணிக் குல்லா 50 செ.மீ. வர வேண்டியது 55 செ.மீ. ஆகும். குல்லா தலைச் சுற்றளவை விடக் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், 56 செ.மீ. தலையில் 55 செ.மீ. குல்லா கண்ணுக்கு வந்துவிடும். சாம்பிளை 15 செ.மீ. அகலத்துக்காவது போட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள், ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும். துவைத்துக் காயவைத்த பிறகு எண்ணுங்கள். மெஷின் சாம்பிள் என்றால் ஒரு ராத்திரி சும்மா கிடக்கவிட்டு அளக்க வேண்டும், எடை கட்டி இழுத்த துணி, கழற்றியவுடன் நீளமாகத்தான் காட்டும்.

கழுத்தோ குல்லா வாயோ மட்டும் தலையில் நுழைய மாட்டேன் என்றால் அது வேறு கதை, கண்ணி ஏற்றியதோ முடித்ததோ இறுக்கம். ஏற்றும்போது இரண்டு அளவு தடித்த ஊசி, முடிக்கும்போதும் அப்படியே. முடித்த ஓரம் என்றால் பிரித்துத் தளர்வாக முடித்தால் போதும்.

துணி ஒரு பக்கமாகச் சாய்கிறது

சதுரமாகப் போட்டது சாய்சதுரமாக வருகிறது. நூலைக் கொஞ்சம் இழுத்துத் தளர்த்துங்கள், தனக்குத்தானே சுற்றிக்கொண்டு முறுக்கினால் காரணம் அதுதான்: ஒற்றை இழை, முறுக்கு அதிகம். துவைத்த டிசர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருகிறதே, அதற்கும் இதே முறுக்கு ஒரு காரணம், துணிக்காரர்கள் ஸ்பைராலிட்டி என்பார்கள். வீட்டில் செய்யக்கூடியது, இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிய நூலுக்கு மாறுவது, அல்லது அதே நூலில் மாஸோ கார்ட்டரோ போடுவது. நிட்டும் பர்லும் சமமாக இருக்கிற பின்னலில் சாய்வு அடங்கிவிடும்.

பட்டை பட்டையாகத் தெரிகிறது

ஒரு வரிசை இறுக்கம், ஒரு வரிசை தளர்வு. பெரும்பாலானவர்களுக்கு பர்ல் வரிசை தளரும். அந்த வரிசைக்கு மட்டும் அரை மி.மீ. மெல்லிய ஊசி பிடியுங்கள். சென்னை மே மாதத்தில் வியர்வைக் கையோடு இரும்பு ஊசியில் அக்ரிலிக் போடுகிறவர்களுக்கு எல்லா வரிசையும் இறுகும், மூங்கில் ஊசியும் பருத்தி நூலும் கொஞ்சம் உதவும், பருத்திக்கு இழுவை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ரிப் கஃப் சீக்கிரம் தொங்கிவிடும்.

மெஷின் கண்ணியை விட்டுக்கொண்டே போகிறது

தட்டை மெஷினில் முதலில் கேட்க வேண்டியது, எங்கே விடுகிறது?

எப்போதும் ஒரே ஊசியில், நேர்க்கோட்டில் விடுகிறது என்றால் அந்த ஊசிதான் குற்றவாளி. தாழ்ப்பாளை விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள், தடையில்லாமல் தானாக விழ வேண்டும். பஞ்சு அடைத்திருக்கும், அல்லது தாழ்ப்பாள் லேசாக வளைந்து கொக்கியின் மேல் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் தள்ளி மூடும். வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டால், அந்த ஊசியையும் படுக்கையின் கோடியில் பயன்படுத்தாமல் கிடக்கிற ஒரு ஊசியையும் இடம் மாற்றுங்கள். கோளாறு ஊசியோடு கூடவே போனால் ஊசியைத் தூக்கிப் போடலாம்.

ஓரங்களில் மட்டும் விடுகிறது என்றால் எடை. ஓர எடைகளைத் துணி வளர வளர மேலே நகர்த்திக்கொண்டே வர வேண்டும், அடியில் மறந்துவிட்டால் ஓரக் கண்ணி ஊசியை விட்டு எழும்பிவிடும். கேரேஜை (ஊசிகள் மேல் இங்கும் அங்கும் தள்ளுகிற வண்டி) ஓரத்தைத் தாண்டி வெகுதூரம் கொண்டுபோனாலும் நூல் தளர்ந்து சுருள் விழும், கடைசி ஊசியைத் தாண்டினதும் திருப்புங்கள். பின்னாலிருக்கிற டென்ஷன் கம்பி அந்தத் தளர்ந்த நூலை மேலே இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கொன்றும் அங்கொன்றுமாக விடுகிறது, ஊசிகள் தலையைத் தூக்கிக்கொண்டு ஆடுகின்றன என்றால், குறிப்பாகக் கைமாறி வந்த பழைய ஜப்பான் மெஷின் என்றால், ஸ்பான்ஞ் பாரைக் கழற்றுங்கள். ஊசிகளைப் படுக்கையோடு அழுத்திப் பிடிக்கிற தகட்டுப் பட்டை அது, படுக்கையின் கோடியிலிருந்து உருவி எடுக்கலாம். அதனுள்ளே இருக்கிற ஸ்பான்ஞ் தகட்டை விட மேலே மெத்தென்று எழும்பி நிற்க வேண்டும். அமுங்கித் தட்டையாகவோ, பிசுபிசுவென்று கருத்தோ இருந்தால் அதை மாற்றாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. பழைய மெஷின் வாங்கினால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம், அமுங்கின ஸ்பான்ஞோடு ஓட்டி ஊசிகளை வளைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஒரு வரிசை முழுக்கத் தடாலென்று விழுந்தால் கேரேஜுக்கு நூல் வரவேயில்லை. நூல் உருண்டையின் உள்ளே முடிச்சு, அல்லது நூல் ஊட்டும் கண்ணிலிருந்து நழுவியிருக்கும். கடையில் வாங்கின உருண்டையை அப்படியே மெஷினுக்குக் கொடுக்காதீர்கள், தளர்வாக மறுபடி சுற்றி வைத்துக் கொடுங்கள். பருத்தி நூல் வறண்டு இழுத்தால் சுற்றும்போது மெழுகுவத்தித் துண்டின் மேல் உரசி ஓடவிடுங்கள்.

கேரேஜ் பாதியில் சிக்கி நிற்கிறது

தள்ளாதீர்கள். பலம் காட்டினால் வளைவது ஊசிகள். கேரேஜின் முன்தகட்டைப் பிடித்திருக்கிற திருகுகளைக் கழற்றி அதை எடுத்தால் உள்ளே எந்த ஊசியில் நூல் குவிந்திருக்கிறது என்று தெரியும். நூலை வெட்டிவிட்டுக் கேரேஜைத் தூக்கி எடுங்கள், ஊசிகளை வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்: நூலுக்கு டென்ஷன் நம்பர் ரொம்பச் சிறியது, அல்லது தகட்டின் கீழே இருக்கிற பிரஷ் சக்கரங்களில் பழைய நூல் சுற்றிக்கிடக்கிறது. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. எண்ணெய் போட்ட பிறகு முதல் சில வரிசைகளைக் கழிவு நூலில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை நூலில் கறுப்புக் கோடு விழும்.

48 ஊசி வட்ட மெஷின், கைப்பிடி சுற்றுவது

ஆன்லைனில் வாங்கி வந்த அன்றே விளம்பரத்தில் காட்டின குல்லா வரவில்லை என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், நூலை மாற்றினால் பாதிப் பேருக்கு வந்துவிடும். நடுத்தரத் தடிமன் வழவழ அக்ரிலிக்தான் இதற்குப் பிடிக்கும். கயிறு மாதிரித் தடித்த நூலில் கைப்பிடி முறுகும், ரொம்ப மெல்லியதில் கொக்கி நூலைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

முதல் சுற்றில், நிறம் மாறி இருக்கிற ஊசியிலிருந்து ஆரம்பித்து ஒரு ஊசிக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று நூலைக் கையால் கொடுத்து, இரண்டாம் சுற்றில்தான் நூல் பிடியில் மாட்ட வேண்டும். முதல் சுற்றைக் கவனமாகப் போட்டால் பிறகு வேகமாகச் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள், எப்போதும் நிதானம்தான். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ஊசியிலும் நூல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள், துணியை நடுவிலிருந்து மெல்லக் கீழே இழுத்துக் கொடுங்கள். முறுகினால் கொஞ்சம் பின்னால் சுற்றி, தூக்கிக்கொண்ட நூலைக் கொக்கிக்குள் அழுத்திவிட்டுத் தொடருங்கள்.

தட்டையாகப் போடும் நிலையில் ஓரக் கண்ணி விடுகிறது என்றால், கைப்பிடி முட்டி நின்று திசை மாறும் அந்த நொடியில் நூல் தளர்கிறது. மறு கையால் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு ஊசிகளை மெதுவாகக் கடக்கவிடுங்கள்.

பெரியவர்களுக்கான இரட்டை மடிப்புக் குல்லாவுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சுற்று தேவைப்படும். கழற்றும்போது வாலுக்கு நீளமாக நூல் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியையும் அதில் எடுத்த பிறகே மெஷினைச் சுற்றி விடுங்கள். முதலில் சுற்றி விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்றால், 48 கண்ணியும் திறந்த வாயோடு கையில் நிற்கும்.